பண்டைய இஸ்ரவேலர் பார்வையில் கடலும் பாதாளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே 'பண்டைய இஸ்ரவேலர்' என்று யாரைக் குறிப்பிடுகிறோம்? அவர்களுடைய நம்பிக்கைகளை எவற்றிலிருந்து அறிகிறோம்?

கி.மு. 1200 வாக்கில் கானான் நாட்டின் நடு மலைப்பகுதியில் குடிகளாக உருவெடுத்து, பின்னர் இஸ்ரவேல், யூதா என்னும் இரு சிறு அரசுகளின் கீழ் வாழ்ந்து, முதல் அரசைக் கி.மு. 722 வாக்கில் அசீரியரிடமும் இரண்டாவதைக் கி.மு. 586 வாக்கில் பாபிலோனியரிடமும் இழந்த மக்களையே குறிப்பிடுகிறோம். அவர்களுடைய நினைப்பை அறிய மூன்று வழிகள் உள்ளன: எபிரேய வேதாகமம் (கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாடு), யூதாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கல்லறைகள், அண்டை மக்கள் விட்டுச்சென்ற களிமண் பலகைகளும் கல்வெட்டுகளும்.

வேதாகமம் பல நூற்றாண்டுகளில், பலருடைய கையால் உருவான தொகுப்பு. அதில் கடலையும் பாதாளத்தையும் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி பாடல்களிலும் புலம்பல்களிலும் வருகிறது. ஆகவே எல்லாரும் எக்காலத்திலும் ஏற்றுக்கொண்ட ஒரே கோட்பாட்டை இதில் தேடுவது வீண்வேலை. இப்பக்கத்தில் கடவுளின் பெயரை 'யாவே' என்று எழுதுகிறோம். தமிழ் வேதாகம வாசகர்கள் அதைக் 'கர்த்தர்' என்று அறிவார்கள்.

உலகம் எப்படி அமைந்திருப்பதாக அவர்கள் எண்ணினார்கள்?

மேலும் கீழும் நீர். நடுவே, நீரை விலக்கிக் கிடைத்த இடத்தில் மனிதர் வாழும் நிலம். இதுவே அடிப்படைப் படம். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் கடவுள் ஆகாயவிரிவை உண்டாக்கி, அதற்கு மேலே இருக்கும் தண்ணீரையும் கீழே இருக்கும் தண்ணீரையும் பிரிக்கிறார். வேதாகமத்தின் பாடல் தொகுப்பான சங்கீதங்களில் 24ஆவது, நிலம் கடல்கள்மேல் அஸ்திவாரமிடப்பட்டது என்கிறது. விக்கிரகங்களைத் தடுக்கும் கட்டளைகூட (யாத்திராகமம் 20:4), மேலே வானம், கீழே பூமி, பூமியின் கீழ் தண்ணீர் என்ற மூன்று அடுக்குகளைப் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறது. விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அது எல்லாருக்கும் தெரிந்த படமாக இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

நோவாவின் வெள்ளத்தை வெறும் அடைமழை என்று வாசிக்கிறவர்கள் ஆதியாகமம் 7:11ஐத் தவறவிடுகிறார்கள். அங்கே கீழிருந்து மகா ஆழத்தின் ஊற்றுகள் பிளக்கின்றன. மேலிருந்து வானத்தின் மதகுகள் திறக்கின்றன. படைப்பின் இரண்டாம் நாளில் பிரிக்கப்பட்ட இரு நீர்களும் மறுபடி ஒன்றுசேர்கின்றன. அதாவது படைப்பே அவிழ்கிறது.

பாதாளமும் இந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. யோபு 26:5 இறந்தோர் 'தண்ணீரின் கீழ்' நடுங்குவதாகச் சொல்கிறது. கடலையும் இறந்தோர் உலகையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பேசுவதற்கு இந்த ஒரு வரியே போதிய காரணம்.

கடலைக் கண்டு அவர்கள் அஞ்சியது, அவர்கள் கடலோடிகளாக இல்லாததால்தானா?

அடிக்கடி தரப்படும் விளக்கம் இது, பாதி உண்மை. இஸ்ரவேலரின் ஊர்கள் மலைமேல் இருந்தன. கடற்கரையின் தென்பகுதி பெலிஸ்தர் கையிலும், வடபகுதி தீரு, சீதோன் போன்ற பெனிக்கிய நகரங்களின் கையிலும் இருந்தது. அரசன் சாலொமோன் செங்கடலில் ஏசியோன் கேபேர் துறையிலிருந்து கப்பல் விட்டபோது கடலறிந்த ஆட்களைத் தீருவின் அரசன் ஈராம் அனுப்ப வேண்டியிருந்தது என்று 1 இராஜாக்கள் 9 சொல்கிறது. பின்னாளில் யூதாவின் அரசன் யோசபாத் செய்த கப்பல்கள் அதே துறையில் உடைந்துபோயின. கடற்பயணத்தை நேரில் கண்டவர்போல் பாடும் பகுதி வேதாகமத்தில் அரிது. சங்கீதம் 107இல் வரும் புயற்காட்சி அந்த அரிய இடங்களில் ஒன்று.

ஆனால் உகாரித் என்னும் நகரத்தாரும் இதே கடற்கதைகளைச் சொன்னார்கள். அவர்களோ துறைமுகமும் கப்பல்களும் வைத்திருந்த வணிகர்கள். எனவே மலைவாசிகளின் அறியாமையால் பிறந்த அச்சம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கடலை நன்கு அறிந்தவர்களே அதை ஒரு பகைத்தெய்வமாகக் கண்டார்கள். குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் கரையை அறைவதைப் பார்த்தவர்களுக்கு அதற்கான காரணம் விளங்கும்.

உகாரித் ஏன் இவ்வளவு முக்கியம்?

1928ஆம் ஆண்டு சிரியக் கடற்கரையில், இன்றைய லத்தாக்கியாவுக்கு அருகே, உழவர் ஒருவரின் ஏர் ஒரு பழைய கல்லறையில் தட்டியது. மறு ஆண்டு குளோட் ஷேஃபர் தலைமையில் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் பக்கத்திலிருந்த ராஸ் ஷம்ரா மேட்டைத் தோண்டத் தொடங்கினர். கி.மு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்துபோன உகாரித் நகரம் வெளிப்பட்டது. அங்கே கிடைத்த பலகைகளில் பல, எபிரேயத்துக்கு நெருங்கிய உறவுள்ள ஒரு மொழியில், அகரவரிசை ஆப்பெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. அதுவரை கானானியரின் தெய்வமான பாகாலைப் பற்றி, அவனைக் கண்டித்தவர்களின் வாய்மொழியாகவே பெரிதும் அறிந்திருந்தோம். இப்போது அவனை வணங்கியவர்களின் சொற்களே கைக்கு வந்தன.

இலிமில்கு என்ற எழுத்தர் ஆறு பலகைகளில் எழுதிய பாகால் காவியத்தில், புயலின் தெய்வமாகிய பாகாலுக்கு இரண்டு பகைவர்கள் இருக்கிறார்கள். முதலாமவன் யாம், பெயரின் பொருளே கடல். 'இளவரசன் கடல்', 'நீதிபதி ஆறு' என்பன அவனுடைய பட்டங்கள். தெய்வக் கொல்லனாகிய கோத்தர் செய்துகொடுத்த இரண்டு தண்டாயுதங்களில் முதலாவது யாமின் தோளில் பட்டும் அவன் சாயவில்லை. இரண்டாவது தலையில் விழுந்தபோது விழுந்தான். பாகால் அரசனானான், அவனுக்கு மாளிகை எழுந்தது.

அதோடு கதை முடியவில்லை. இரண்டாம் பகைவனான மோத் வருகிறான்; அவன் பெயரின் பொருள் சாவு. அவனுடைய ஓர் உதடு மண்ணிலும் மற்றோர் உதடு வானத்திலும் இருக்கிறது. பாகால் அந்த வாய்க்குள் இறங்கி மடிகிறான், மழை நின்றுபோகிறது. அவனுக்காக அனாத் தெய்வம் மோத்தை வாளால் பிளந்து, முறத்தில் புடைத்து, தீயில் சுட்டு, திரிகையில் அரைத்து, வயலில் விதைக்கிறாள். அதன்பின் பாகால் மீள்கிறான். கடலும் சாவும் ஒரே காவியத்தில், ஒரே அரசுரிமைக்காக, அடுத்தடுத்து வந்து மோதும் இந்த அமைப்பைக் கவனத்தில் கொண்டால், வேதாகமப் பாடல்களில் அவ்விரண்டும் ஏன் இணைந்தே வருகின்றன என்பது விளங்கத் தொடங்கும்.

இவை பாபிலோனியரின் படைப்புக் கதையிலிருந்து வந்தவை என்று படித்திருக்கிறேனே?

1895இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குன்கெல் அப்படித்தான் வாதிட்டார். பாபிலோனிய 'எனூமா எலிஷ்' காவியத்தில் மர்தூக், கடலின் உருவான தியாமத்தைக் கொன்று, உலர்த்தப் பிளக்கும் மீனைப்போல அவள் உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியால் வானத்தை அமைக்கிறான். ஆதியாகமம் 1:2இல் வரும் 'ஆழம்' என்பதற்கான எபிரேயச் சொல்லான தெஹோமும் தியாமத் என்னும் பெயரும் ஒரே வேரின. உகாரித் பலகைகள் மண்ணுக்குள் இருந்த காலத்தில் குன்கெலின் முடிவு இயல்பானதே.

இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அந்த நேர்க்கோட்டை ஏற்பதில்லை. ஒரே வேர்ச்சொல் பல செமித்திய மொழிகளில் வழங்கியதால், கடன் வாங்கியதாகக் கொள்ளத் தேவையில்லை. மேலும் புயல்தெய்வம் கடலை வெல்லும் கதை, மத்தியதரைக் கடலை ஒட்டிய மேற்குப் பகுதிக்கே உரியதாகத் தோன்றுகிறது. யூப்பிரத்தீசு ஆற்றங்கரையிலுள்ள மாரி நகரில் கிடைத்த கி.மு. 18ஆம் நூற்றாண்டுக் கடிதம் ஒன்றில், அலெப்போ நகரின் புயல்தெய்வமான அதாத், கடலோடு தான் போரிட்ட ஆயுதங்களை அரசன் சிம்ரி-லிமுக்குக் கொடுத்ததாக ஒரு தீர்க்கதரிசியின் வாயிலாக அறிவிக்கிறான். எனூமா எலிஷ் இயற்றப்பட்டதாகக் கருதப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய சான்று இது. கதை பாபிலோனிலிருந்து மேற்கே வந்தது என்பதைவிட, மேற்கிலிருந்து பாபிலோனுக்குச் சென்றிருக்கலாம் என்பதே வலுவான கருத்தாகத் தெரிகிறது.

லிவியாதான் என்பது முதலையா, திமிங்கிலமா?

இரண்டுமல்ல; வேதாகமப் பாடல்களில் வரும் கடல் அரக்கனின் பெயர் அது. உகாரித் காவியத்தில் பாகால் வீழ்த்திய பாம்பின் பெயர் லோத்தான். விரைந்தோடும் பாம்பு, நெளியும் பாம்பு, ஏழு தலை கொண்டவன் என்று அது வருணிக்கப்படுகிறது. ஏசாயா 27:1 லிவியாதானுக்கு ஏறத்தாழ அதே அடைமொழிகளை அதே வரிசையில் தருகிறது. இரண்டு நூல்களுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் இருந்தும் சொற்கள் மாறவில்லை என்றால், வாய்மொழிக் கவிமரபு ஒன்று விடாமல் தொடர்ந்திருக்க வேண்டும். சங்கீதம் 74இலும் லிவியாதானுக்குத் தலைகள் பல. யாவே அவற்றை நொறுக்குகிறார். அதே பாடல் உடனே பகல், இரவு, கோடை, குளிர் ஆகியவற்றின் ஒழுங்கைப் பேசத் தொடங்குவதால், அரக்கனின் வீழ்ச்சியும் உலகின் அமைப்பும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை என்று புரிகிறது.

யோபு 41இல் வரும் நீண்ட வருணனையைக் காட்டி அது முதலை என்று சொல்வோர் உண்டு. செதிலும் பல்லும் முதலைக்குப் பொருந்தும்; வாயிலிருந்து புறப்படும் தீப்பந்தங்களும் மூக்கிலிருந்து எழும் புகையும் பொருந்தா. முதலையின் சில கூறுகளைக் கவிஞர் எடுத்துக்கொண்டிருக்கலாம். எகிப்தின் பார்வோனையே ஆற்றில் கிடக்கும் பெரிய அரக்கனாக எசேக்கியேல் 29 பாடுகிறதல்லவா?

ராகாப் என்பது இன்னொரு கடல் அரக்கனின் பெயர் (யோபு 26:12, சங்கீதம் 89:10). எரிகோவில் இஸ்ரவேலரின் ஒற்றரை மறைத்த ராகாப் என்ற பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எபிரேயத்தில் அவை வெவ்வேறு எழுத்துகளால் ஆனவை.

வேறொரு குரலையும் இங்கே சேர்க்க வேண்டும். சங்கீதம் 104:26இல் லிவியாதான் பகைவனே அல்ல. கப்பல்கள் செல்லும் அதே கடலில் விளையாடுவதற்காகக் கடவுள் உருவாக்கிய உயிர். கொல்லப்பட்ட அரக்கனும் விளையாடும் பிராணியும் ஒரே பாடல் தொகுப்பில் அருகருகே இருப்பதை யாரும் சரிசெய்ய முற்படவில்லை. அதற்காக மகிழ வேண்டும்.

ஆதியாகமத்தின் படைப்புக் கதையில் இத்தகைய போர் எதுவும் இல்லையே?

இல்லை, அதுவே கவனிக்கத்தக்கது. ஆழத்தின்மேல் இருள் இருக்கிறது, நீர் காத்திருக்கிறது, வாசகர் போரை எதிர்பார்க்கும் இடத்தில் ஒரு கட்டளை மட்டும் ஒலிக்கிறது. ஐந்தாம் நாளில் பெரிய கடற்பிராணிகள், வேறிடங்களில் அரக்கரைக் குறிக்கும் அதே சொல்லால், மற்ற மீன்களோடு சேர்த்துப் படைக்கப்படுகின்றன. பழைய கதையை அறிந்த ஒருவர், அதன் பல்லைப் பிடுங்கும் நோக்கோடு எழுதிய அதிகாரமாகவே இதை வாசிக்கத் தோன்றுகிறது.

யோபு 38இல் வரும் மாற்றம் இன்னும் நயமானது. அங்கே கடல் கருப்பையிலிருந்து பீறிட்டுப் பிறக்கும் குழந்தை. யாவே அதற்கு மேகத்தை ஆடையாகவும் காரிருளைச் சுற்றுத்துணியாகவும் இட்டு, கதவும் தாழ்ப்பாளும் போட்டு, 'இம்மட்டும் வா' என்று எல்லை குறிக்கிறார். அதே நூலின் தொடக்கத்தில் (7:12) யோபு தன்னைக் காவலில் வைக்க, தான் என்ன கடலா, அரக்கனா என்று கசந்து கேட்டிருந்தான். கடவுளின் விடை அந்தக் கேள்வியையும் நினைவில் கொண்டிருக்கிறது.

எகிப்திலிருந்து தப்பிய இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்த கதைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் எளிமையான தொடர்பன்று. யாத்திராகமம் 15இல் வரும் பழம்பாடலில் கடல் யாவேயின் எதிரி அல்ல, அவருடைய கையாள். எதிரி பார்வோனின் படையே. ஏசாயா 51:9-10 இதை மாற்றி, ராகாபை வெட்டியதையும் மகா ஆழத்தை வற்றச்செய்து மீட்கப்பட்டோருக்கு வழி உண்டாக்கியதையும் ஒரே மூச்சில் சொல்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டிருந்த மக்களுக்கு, படைப்பின் தொடக்கத்தில் வென்ற அதே கை மறுபடியும் வழி திறக்கும் என்று சொல்ல அந்தக் கவிஞருக்கு இரண்டு கதைகளும் தேவைப்பட்டன.

யாத்திராகமப் பாடலின் 12ஆம் வசனத்தில் ஒரு விந்தை இருக்கிறது. எகிப்தியர் மூழ்கியது கடலில். பாடலோ 'பூமி அவர்களை விழுங்கியது' என்கிறது. 'பூமி' என்ற சொல் எபிரேயத்திலும் அண்டை மொழிகளிலும் சில இடங்களில் கீழுலகைக் குறிப்பதால், கடலில் மூழ்கியவர்களைப் பாதாளம் விழுங்கிற்று என்று கொள்வதே பொருத்தம்.

எருசலேம் ஆலயத்தில் 'கடல்' ஒன்று இருந்ததாமே?

ஆம். 1 இராஜாக்கள் 7இன்படி ஆலய முற்றத்தில் வெண்கலத்தால் வார்த்த பெருந்தொட்டி ஒன்று இருந்தது, பெயரே 'கடல்'. குறுக்களவு 10 முழம், உயரம் 5 முழம். திசைக்கு மூன்றாகப் பன்னிரண்டு வெண்கலக் காளைகள் அதைத் தாங்கின. ஆசாரியர் கழுவிக்கொள்வதற்கானது என்று 2 நாளாகமம் விளக்குகிறது. ஆனால் கழுவுவதற்கு மட்டும் ஓராள் உயரத்தைத் தாண்டிய தொட்டி எதற்கு என்ற ஐயம் நியாயமானது. அடக்கப்பட்ட கடலை, வென்றவரின் வாசலில் அசையாமல் நிறுத்திவைத்த அடையாளம் அது என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து. பாபிலோனியர் அதை உடைத்து வெண்கலத்தை எடுத்துச் சென்றனர்.

ஷியோல் என்றால் நரகமா?

அல்ல. தமிழ் வேதாகமத்தில் பெரும்பாலும் 'பாதாளம்' என்று வரும் ஷியோல், எபிரேய வேதாகமத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் குறிப்பிடப்படுகிறது. அங்கே நெருப்பு இல்லை, வாதிக்கும் பேய்கள் இல்லை, நல்லவர்களுக்குத் தனியிடமும் இல்லை. நரகத்தின் படம் வேறோர் இடத்திலிருந்து, மிகப் பின்னால் வந்தது: எருசலேமின் தெற்கிலுள்ள இன்னோம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளைத் தீயில் பலியிட்டார்கள் என்று 2 இராஜாக்கள் 23:10 சொல்கிறது, அந்தப் பள்ளத்தாக்கின் பெயரே பின்னாளில் கெஹன்னா என்றாகித் தண்டனையின் இடத்தைக் குறித்தது.

ஷியோலுக்கு வாசல்களும் தாழ்ப்பாள்களும் உண்டு. திரும்பும் வழி கிடையாது. யோபு 10 அதை வெளிச்சமே இருளாயிருக்கும் நாடு என்கிறது. யாக்கோபு தன் மகன் யோசேப்பு இறந்ததாக நம்பியபோது, துக்கத்தோடே அவனிடம் ஷியோலுக்கு இறங்குவேன் என்று அழுகிறான். யோபு 3இலோ அதே இடம் ஏக்கத்துக்குரியதாகிறது: சிறியவனும் பெரியவனும் அங்கே ஒன்று, அடிமை தன் எசமானிடமிருந்து விடுபட்டிருக்கிறான். வாழ்வின் சுமை எவ்வளவு என்பதைப் பொறுத்து ஷியோலின் முகம் மாறுகிறது.

ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். ஆபிரகாமைப்போல முதிர்ந்த வயதில், பிள்ளைகள் சூழ இறந்தவர்கள் 'தன் ஜனத்தாரோடே சேர்க்கப்பட்டான்' என்ற தொடரால் குறிப்பிடப்படுகிறார்கள். ஷியோல் என்ற சொல்லோ பெரும்பாலும் அகால மரணம், துயர மரணம், தீயோரின் மரணம் ஆகியவற்றையொட்டி வருகிறது. எல்லாரும் அங்கேதான் போகிறார்கள் என்று பிரசங்கி 9:10 சொன்னாலும், எல்லாருடைய சாவையும் அச்சொல்லால் குறிப்பது வழக்கமாக இல்லை.

அங்கே இறந்தோர் எந்த நிலையில் இருப்பார்கள்?

நிழல்போல, வலுவிழந்து. அவர்களுக்கு ரெபாயீம் என்று பெயர். உகாரித்தில் இதே பெயர் இறந்துபோன பழைய அரசர்களையும் வீரர்களையும் குறித்தது. சடங்கில் பெயர்சொல்லி அழைக்கப்படும் மதிப்பு அவர்களுக்கு இருந்தது. சீதோனின் அரசன் எஷ்முனாசரின் கற்பேழை (1855இல் கண்டெடுக்கப்பட்டு இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருப்பது), தன் உறக்கத்தைக் கலைப்பவனுக்கு ரெபாயீமோடு இளைப்பாறும் இடம் கிடைக்காதொழிக என்று சபிக்கிறது.

ஏசாயா 14 இந்த மதிப்பைக் கேலிக்கூத்தாக்குகிறது. பாபிலோன் அரசன் வந்திறங்கும்போது, கீழே இருந்த பழைய அரசர்கள் தத்தம் சிங்காசனங்களிலிருந்து எழுந்து, நீயும் எங்களைப்போலப் பலவீனமானாயோ என்று வரவேற்கிறார்கள். புழு அவனுக்குப் படுக்கை, பூச்சி போர்வை. உலகையே நடுங்கவைத்தவனுக்குக் கிடைக்கும் இந்த வரவேற்பில் தோற்ற மக்களின் கசப்பான சிரிப்பு கேட்கிறது.

கடலும் ஷியோலும் எப்படி ஒன்றாயின?

இப்பக்கத்தின் நடுநாயகமான கேள்வி இதுவே. யோனாவின் ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் கிடப்பது மீனின் வயிற்றில். தான் கூப்பிட்டதோ ஷியோலின் வயிற்றிலிருந்து என்கிறான். ஆழி சூழ்கிறது, கடற்பாசி தலையைச் சுற்றுகிறது, மலைகளின் அடிவாரம் வரை இறங்குகிறான். அங்கே பூமியின் தாழ்ப்பாள்கள் அவன்மேல் அடைபடுகின்றன. கடலுக்குள் இறங்கத் தொடங்கியவன் எந்த இடத்தில் பாதாளத்துக்குள் நுழைந்தான் என்று அந்தப் பாடலில் கோடு கிழிக்க முடியாது. சங்கீதம் 18இலும் அழிவின் வெள்ளமும் ஷியோலின் கயிறுகளும் அடுத்தடுத்து வருகின்றன. சங்கீதம் 88 இன்னும் கடுமையானது: பாடுபவன் தரையில், தன் வீட்டில்தான் இருக்கிறான், நோயில் கிடக்கும் அவன்மீது கடவுளுடைய அலைகளெல்லாம் புரள்கின்றன.

மலைநாட்டில் வாழ்ந்த, கடலையே அரிதாகக் கண்ட மக்கள் நோயையும் பகையையும் மூழ்குவதாகப் பாடியது எங்ஙனம்? கவிமரபு ஒரு காரணம். மற்றொன்று, என் கணிப்பில், அவர்களுடைய வீட்டு முற்றத்திலேயே இருந்தது. யூதாவின் சுண்ணாம்புக்கல் மலைகளில் மழைநீரைச் சேமிக்கப் பாறையைக் குடைந்து தொட்டிகள் வெட்டினார்கள். வாய் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் இருக்கும் அந்தக் குழிக்குள் விழுந்தவனுக்குப் பிடித்தேறச் சுவர் இல்லை. கீழே நீரோ சேறோ இருக்கும். மேலே ஒரு வட்ட வெளிச்சம் மட்டும் தெரியும். அந்தத் தொட்டிக்கான 'குழி' என்ற சொல்லே ஷியோலின் மறுபெயராகப் பாடல்களில் வழங்குகிறது. யோசேப்பைச் சகோதரர் போட்டது நீரில்லாத அத்தகைய குழியில். எரேமியாவைக் கயிறு கட்டி இறக்கியது சேறு நிறைந்த அத்தகைய தொட்டியில். சங்கீதம் 69ஐ இந்த அறிவோடு வாசித்தால், கால் ஊன்ற இடமில்லாத உளையும், வெள்ளமும், தன்மேல் வாயை மூடிக்கொள்ளும் குழியும் மூன்று தனி உருவகங்களல்ல, ஒரே குழியின் மூன்று கூறுகள் என்று தெரியும். இதனோடு மழைக்காலத்தில் வறண்ட ஓடைகளில் சொல்லாமல் கொள்ளாமல் பாயும் வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாவு அவர்களுக்கு ஈரமும் இருளுமாகவே இருந்தது.

விழுங்கும் வாய் மூன்றாவது இணைப்பு. ஏசாயா 5:14இல் ஷியோல் தன் வாயை அளவில்லாமல் திறக்கிறது. இது மோத்தின் வாயேதான். ஏசாயா 25:8இல் யாவே சாவையே விழுங்கிவிடுவார் என்ற வாக்கு, இந்தப் பின்னணியை அறிந்தவர்களுக்குத் தலைகீழாக்கப்பட்ட பழங்கதையாகத் தோன்றும்.

அகழாய்வில் கிடைத்த கல்லறைகள் ஷியோலைப் பற்றி என்ன சொல்கின்றன?

ஷியோல் என்ற பாடலுலகுக்கு அவை அவ்வளவாக ஒத்துவரவில்லை. கி.மு. 8 முதல் 6ஆம் நூற்றாண்டு வரையான யூதாவின் வசதியான குடும்பங்கள் பாறையில் அறை குடைந்து, மூன்று பக்கமும் கல்மேடைகள் அமைத்து, உடலை அதன்மேல் கிடத்தின. உடல் மட்கியபின் எலும்புகளை அதே அறையிலுள்ள குழியில் முன்னோரின் எலும்புகளோடு சேர்த்தன. 'தன் பிதாக்களோடே சேர்க்கப்பட்டான்' என்ற தொடர் கண்ணால் காணக்கூடிய ஒரு செயலுக்கும் பொருந்துவதாக இருந்தது. விளக்குகளும் கிண்ணங்களும் குடங்களும் உடன் வைக்கப்பட்டன. ஏழைகளுக்கு இந்த அறைகள் இல்லை. அவர்களுக்கு மண்ணில் வெட்டிய எளிய குழிகளே.

உணவு படைக்கும் வழக்கமும் இருந்திருக்க வேண்டும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைச் செலுத்துபவன், அதில் எதையும் இறந்தவருக்குக் கொடுக்கவில்லை என்று உறுதி கூற வேண்டும் என்கிறது உபாகமம் 26:14. தடை செய்யப்படுவது அந்தத் தானியத்தைக் கொடுப்பது மட்டுமே என்பதைக் கவனியுங்கள்.

இறந்தோரை அழைத்துக் குறி கேட்டார்களா?

கேட்டார்கள், அதனால்தான் சட்டங்கள் அதை மறுபடி மறுபடி தடுக்கின்றன. 1 சாமுவேல் 28இல், யாவேயிடமிருந்து விடை கிடைக்காத அரசன் சவுல், மாறுவேடமிட்டு எந்தோரிலுள்ள ஒரு பெண்ணிடம் போகிறான். பூமியிலிருந்து சால்வை போர்த்திய முதியவர் ஒருவர் எழும்பி வருகிறார். அவர் இறந்துபோன தீர்க்கதரிசி சாமுவேல். அவருடைய முதல் சொல்லே, என்னை ஏன் கலைத்தாய் என்ற கண்டிப்பு. அடுத்து, நாளைக்கு நீயும் உன் குமாரரும் என்னோடே இருப்பீர்கள் என்கிறார். கடவுளின் தீர்க்கதரிசியும் கடவுளால் தள்ளப்பட்ட அரசனும் ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள். நன்மை தீமைக்கேற்ப மறுமை பிரிக்கப்படாத நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி வேதாகமத்தில் இல்லை.

யாவேயின் அதிகாரம் பாதாளம் வரை எட்டியதா?

இதில்தான் குரல்கள் மிகவும் முரண்படுகின்றன. ஷியோலில் உம்மைத் துதிப்பவன் யார் என்று சங்கீதம் 6 கேட்கிறது. இறந்தோரை யாவே நினைப்பதில்லை என்கிறது சங்கீதம் 88. நோயிலிருந்து தப்பிய எசேக்கியா அரசனின் பாடலும் (ஏசாயா 38) அதையே சொல்கிறது. இவற்றை வெறும் ஐயம் என்று கொள்வதைவிட வாதம் என்று கொள்ள வேண்டும். என்னைச் சாகவிட்டால் உமக்குத் துதி ஒன்று குறையும் என்று பாடுபவன் கடவுளோடு பேரம் பேசுகிறான்.

மறுபக்கம், தப்பியோடுகிறவர்கள் ஷியோல் வரை தோண்டிப் போனாலும் என் கை அவர்களைப் பிடிக்கும், கடலின் அடியில் ஒளிந்தாலும் அங்கே பாம்புக்குக் கட்டளையிடுவேன் என்று ஆமோஸ் 9இல் யாவே மிரட்டுகிறார். சங்கீதம் 139 அதே இரு எல்லைகளையும், பாதாளப் படுக்கையையும் கடலின் கடைக்கோடியையும், ஆறுதலாகச் சொல்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் கடலும் ஷியோலும் உலகின் இரு கடைசி எல்லைகள். அங்கேயும் அவர் கை எட்டும் என்றால் எட்டாத இடமே இல்லை.

1979இல் எருசலேமின் கேத்தெஃப் இன்னோம் கல்லறைகளில் தொல்லியலாளர் கப்ரியேல் பார்க்காய் கண்டெடுத்த இரண்டு சிறு வெள்ளிச் சுருள்களை இங்கே நினைக்க வேண்டும். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தவையாகப் பொதுவாகக் கருதப்படும் அவற்றில், எண்ணாகமம் 6இல் உள்ள ஆசீர்வாதத்தின் வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. யாவே உன்னைக் காப்பாராக என்ற அந்தத் தாயத்தை உயிரோடிருக்கும்போது அணிந்தவர்கள், கல்லறைக்குள் போகும்போது கழற்றிவிடவில்லை. துதி இல்லாத இடம் என்று பாடல்கள் சொன்ன அதே காலத்தில், அவருடைய காவலை எதிர்பார்த்துச் சிலர் அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம்.

உயிர்த்தெழுதல் நம்பிக்கை எப்போது வந்தது?

எபிரேய வேதாகமத்தில் ஐயத்துக்கிடமின்றி அதைச் சொல்லும் இடம் தானியேல் 12:2. கி.மு. 167 முதல் செலூக்கிய அரசன் அந்தியோக்கு எப்பிபானேஸ் யூதர்களைத் துன்புறுத்திய காலத்தில் அந்நூல் இன்றைய வடிவத்தை அடைந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. சட்டத்தைக் கைக்கொண்டதற்காகவே இளைஞர்கள் கொல்லப்பட்டபோது, நீதிமானும் துரோகியும் ஒரே இருட்டில் கிடப்பார்கள் என்ற பழைய விடை போதவில்லை. எபிரேய வேதாகமத்தில் சேராத பழைய யூத நூலான ஏனோக்கின் நூலில் 22ஆம் அதிகாரம் இறந்தோரைத் தனித்தனிக் குகைகளில் பிரித்துவைக்கிறது. எல்லாரும் மாறிவிடவில்லை; இயேசுவின் காலத்திலும் சதுசேயர் என்ற யூதப் பிரிவினர் உயிர்த்தெழுதலை மறுத்தனர்.

கடலும் அதன் அரக்கனும் பின்னாளில் என்ன ஆயின?

தானியேல் 7இல் நான்கு பேரரசுகள் நான்கு மிருகங்களாகப் பெருங்கடலிலிருந்து ஏறிவருகின்றன. அவற்றுக்கு முடிவுகட்டும் காட்சியில் முதியவர் ஒருவர் சிங்காசனத்தில் இருக்க, மனுஷகுமாரனைப்போன்ற ஒருவர் மேகங்களோடு வருகிறார்; உகாரித்தில் முதிய ஏல் தெய்வத்தையும் மேகங்களில் ஏறிவரும் பாகாலையும் கண்டவர்களுக்கு இது புதிய காட்சியன்று. கிறிஸ்தவ வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு தலை மிருகம் கடலிலிருந்து எழுகிறது. கடலும் மரணமும் பாதாளமும் தம்மிடமுள்ள இறந்தோரை ஒப்படைக்கின்றன. அடுத்த அதிகாரத்தில் புதிய பூமி வரும்போது கடல் இல்லாமற்போகிறது.

ரபிகள் எனப்படும் யூத மத ஆசிரியர்களின் மரபு லிவியாதானை அவ்வளவு எளிதில் விட்டுவிடவில்லை. அவர்களுடைய போதனைகளின் தொகுப்பான தல்மூதின் பாபா பத்ரா பகுதி, கடைசிக் காலத்தில் நீதிமான்களுக்கு அதன் இறைச்சியால் விருந்து வைக்கப்படும் என்றும், அதன் தோலால் அவர்களுக்குக் கூடாரம் அமைக்கப்படும் என்றும் சொல்கிறது. அவோதா சாரா பகுதியோ, பகலின் பன்னிரண்டு மணி நேரத்தில் கடைசி மூன்றைக் கடவுள் லிவியாதானோடு விளையாடக் கழிக்கிறார் என்கிறது. முன்னதற்குச் சங்கீதம் 74இன் நொறுங்கிய தலைகளும், பின்னதற்குச் சங்கீதம் 104இன் விளையாடும் பிராணியும் துணை நிற்கின்றன.